ஐந்தாவது கியரை மட்டும் பார்த்து கியர்பாக்ஸ் வாங்காதீர்கள்

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பெரும்பாலும் ஒரு பழைய ஹிந்துஸ்தான் கான்டெஸா காரில்தான் தொடங்கும். 1984-ல் வந்தபோது அதில் 1.5 லிட்டர் என்ஜின், 4 கியர். பிறகு இசுசு 1.8 லிட்டர் என்ஜினும் 5 கியரும் வந்தன. பழைய வண்டியில் பெரிய என்ஜினை இறக்கியவர்கள் அடுத்துத் தேடுவது ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ்.

ஓவர்டிரைவ் என்றால் இதுதான். நான்காவது கியரின் ரேஷியோ (சுற்று விகிதம்) 1.00 என்றால் என்ஜின் ஒரு சுற்றுக்கு, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. ஐந்தாவது 0.8 என்றால் என்ஜின் 0.8 சுற்றிலேயே ஷாஃப்ட் ஒரு சுற்று முடித்துவிடும். அதே வேகத்தில் என்ஜின் நிதானமாக ஓடும், சத்தமும் பெட்ரோல் செலவும் குறையும்.

டெல்டாவில் மேடே கிடையாது, ஐந்தாவது எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்லதுதான் என்று நினைத்து, என் 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு 0.68 உள்ள பெட்டியை வாங்கினேன். ஆடி மாதம் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டேன். தஞ்சாவூர் தாண்டியதும் மேற்குக் காற்று நேராக முகத்தில் அடித்தது. ஐந்தாவதில் வண்டி திணறியது. நான்காவதுக்கு இறக்கி, திருச்சி வரை அதிலேயே ஓட்டினேன். மேடு இல்லாத ஊரில் ஆடிக்காற்றுதான் மேடு.

முதலில் டயரும் ஆக்ஸிலும்

கியர்பாக்ஸ் பக்கம் போகும் முன் இரண்டு அளவு எடுங்கள். பின் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை டயரின் ஒரு முழுச் சுற்று தள்ளி, நகர்ந்த தூரத்தை அளக்கவும். என் வண்டியில் 1.88 மீட்டர்.

அடுத்து ஆக்ஸில் ரேஷியோ, அதாவது பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன்-பினியன் பற்சக்கரங்களின் ரேஷியோ. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுதான் ரேஷியோ. இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் தடையில்லாமல் சுற்றவிடும் சாதாரண டிஃபரன்ஷியலுக்கே இது பொருந்தும். எனக்கு 3.9 வந்தது.

இப்போது கணக்கு

வேகத்தை 1000-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுத்து, டயர் சுற்றளவால் வகுத்து, ஆக்ஸில் ரேஷியோவாலும் கியர் ரேஷியோவாலும் பெருக்குங்கள். 80 கி.மீ. வேகத்தில் எனக்கு வருவது: 1.00-ல் 2766 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று), 0.8-ல் 2213, 0.68-ல் 1881.

இந்த எண்ணை உங்கள் என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கிறது என்பதோடு வைத்துப் பாருங்கள். 1980-களின் பிற்பகுதியில் மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8 என்ஜினோடு வந்த போர்க்-வார்னர் டி5 பெட்டியில் ஐந்தாவது 0.68. அந்த என்ஜின் 1800-லேயே இழுக்கும், என்னுடையது இழுக்காது. சிறிய பெட்ரோல் என்ஜினுக்கு 0.8 பக்கம் தேடுங்கள் என்பேன்.

முதல் கியரையும் விடக்கூடாது. 3.35 என்றால், என் ஆக்ஸிலோடு 1000 ஆர்பிஎம்மில் சுமார் 8.6 கி.மீ. வேகம். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊரும்போது இது போதும். 2.95 என்றால் 9.8 ஆகிவிடும், கிளட்ச்சை அதிகம் நழுவவிட வேண்டிவரும்.

பெட்டியின் தாங்கு திறன்

என்ஜினின் அதிகபட்ச டார்க்கைவிட (முறுக்குவிசையைவிட) கூடுதலாகத் தாங்கும் பெட்டியாகப் பாருங்கள். இன்னொன்று: நான்காவது 1.00 என்றால் விசை நேராகப் போகும். ஐந்தாவதில் அது பெட்டிக்குள் கீழே உள்ள துணைத் தண்டான லே ஷாஃப்ட்டின் பற்கள் வழியாகச் சுற்றிப் போகும். பாரம் ஏற்றிக்கொண்டு குறைந்த ஆர்பிஎம்மில் ஐந்தாவதில் முக்கினால் முதலில் தேய்வது அந்தப் பற்கள்தான்.

பொருத்தும்போது

கிளட்ச் பிளேட்டின் நடுப் பற்கள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டுக்கும், பிரஷர் பிளேட் ஃப்ளைவீலுக்கும் பொருந்த வேண்டும். அப்புறம் இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கும் பொருந்த வேண்டும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மூடியான பெல் ஹவுசிங்கின் நடு விலகல் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தவிர்த்தால் கியர் விழுவதே கடினமாகும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்தால் பேலன்ஸ் செய்தே தீர வேண்டும்.

பெட்டிக்கு உரிய ஆயிலையே ஊற்றுங்கள். பித்தளை சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) உள்ள பழைய பெட்டிக்கு ஜிஎல்-5 என்ற தரக் கியர் ஆயில் ஒத்துவராமல் போகலாம். டி5-இன் பிந்தைய வகைக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஆயில் (ஏடிஎஃப்) தான்.

என்ஜினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்டிஓ அனுமதி தேவை. பெட்டி வாங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஓட்டும்போது ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். பெட்டி மாறினால் ஸ்பீடோ கியரும் மாறியிருக்கும். செல்போன் ஜிபிஎஸ்ஸில் 80 காட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பிறகு ஸ்பீடோவை ஓட்டும் சிறு பற்சக்கரமான ஸ்பீடோ பினியனை மாற்றுங்கள்.