புது ஷாக் வாங்கும் முன் இந்த வளையத்தைத் திருகிப் பாருங்கள்

பின்னால் ஆள் ஏறினாலே வேகத்தடையில் பைக் அடிவாங்குகிறதா? உடனே புது ஷாக் அப்சார்பர் வாங்க வேண்டாம். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் 5 படி, கிளாசிக் 350-இல் 6 படி என பின் ஷாக்கிலேயே ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம் உண்டு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சி ஸ்பேனரால் (C வடிவ கொக்கி ஸ்பேனர்) ஓரிரு படி ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் வளைவில் வண்டி தடுமாறும். தனியாகப் போகும்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள், முதுகு பாவம்.

ஸ்பிரிங்கை இறுக்கினால் துள்ளல் அடங்காது. பள்ளம் தாண்டியும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக்கின் ராடில் (உள்ளே போய்வரும் கம்பி) எண்ணெய் கசிந்தாலோ ஷாக்கை மாற்றத்தான் வேண்டும், அதுவும் ஜோடியாக. கேஸ் ஷாக் (எண்ணெயோடு வாயுவும் அடைத்தது) போடலாம், ஆனால் பழைய நீளமே இருக்கட்டும். உயரம் மாறினால் செயின் தளர்வும் சைடு ஸ்டாண்டு சாய்வும் சேர்ந்தே மாறிவிடும்.