காலண்டரில் தூக்கக் கணக்கு

நன்றாக இருக்கும் நாட்களில்தான் எனக்குப் பயம் அதிகம். கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் போதும், "ஆரம்பிச்சிருச்சோ?" என்று வயிறு கலங்கும். எனக்குப் பைபோலார் என்று தெரிந்து 6 வருஷம்; மனசு சில காலம் அளவுக்கு மீறி உற்சாகத்தில் பறக்கும், சில காலம் சோர்ந்து விழும் நோய் இது. பாதி நாள் இந்தக் காத்திருப்பிலேயே போயிற்று.

டாக்டரிடம் சொன்னேன். "சந்தோஷத்தைப் பார்க்காதீங்க, தூக்கத்தைப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து தூங்கிய மணி நேரத்தைக் காலண்டரில் பென்சிலால் குறிக்கிறேன். தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் சோர்ந்து கிடந்தால் எனக்கு அது பெரும்பாலும் வெறும் கவலை. 4 மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், விடிகாலை 3 மணிக்குப் பாத்திர அலமாரியை ஒழிக்கத் தோன்றினால் அதுதான் ஆபத்து. அப்படி இரண்டு இரவு தொடர்ந்தால் டாக்டருக்குப் போன், கண்டபடி செலவழித்துவிடாமல் இருக்க ஏடிஎம் கார்டு அக்கா கைக்கு. தெளிவாக இருந்தபோது நானே எழுதிக் கொடுத்த ஏற்பாடு இது.

இந்த நோய்க்கு நான் சாப்பிடும் மருந்து லித்தியம்; ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையையும் தள்ளிப்போடுவதில்லை. தலைவலிக்கு நானாக ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுவதும் நின்றது. அது ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும்.

பயம் போய்விட்டதா? அதெல்லாம் இல்லை. போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்தில் வெகுநேரம் விழித்திருந்தேன். மறுநாள் காலண்டரில் 3 என்று எழுதும்போது கை நடுங்கியது. அடுத்த நாள் 9 என்று எழுதிவிட்டுக் காபி போடப் போனேன்.