தலைமையாசிரியை தேடும் பள்ளிக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் போன் வரத் தொடங்கிவிடும். "டீச்சர், எங்க பள்ளிக்கூடத்துல ஹெச்.எம். இன்டர்வியூ. வெளியாளா ஒருத்தர் உட்காரணும், வர்றீங்களா?" ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வட சென்னையில் எங்கிருந்து கூப்பிட்டாலும் போவேன். பெரும்பாலும் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளிகள். பிளஸ் ஒன் முதல் குரூப்புக்கு விண்ணப்பம் வாங்க விடியற்காலையிலேயே வரிசை நிற்கும் பள்ளிகள், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விடும் பள்ளிகள். அங்கே குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் புதியவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகளைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பு, சொந்தக்காரரைப் போடாமலிருப்பது போன்றவற்றையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு அப்பால் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

நாற்காலி காலியான பிறகு தேடுவது

ஆசிரியர் ஓய்வு வயது அறுபது. பிறந்த தேதி பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே தலைமையாசிரியை எந்த மாதம் போவார் என்பது அவர் வந்து சேர்ந்த நாளிலேயே தெரிந்த விஷயம். இருந்தும் பிரிவு உபசார விழாவுக்குச் சால்வை வாங்கிய பிறகுதான் குழு கூடுகிறது. உடனே, மூத்த முதுகலை ஆசிரியையைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் பொறுப்பு பார்த்துக்கோங்கம்மா" என்கிறார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஒரு கல்வியாண்டைத் தாண்டிவிடும். பொறுப்பில் இருக்கும் அம்மா கையெழுத்துப் போடுவார், திட்டு வாங்குவார், முடிவெடுக்க மட்டும் முடியாது. பிறகு ஒருநாள், "உங்களுக்கு இல்லை, வேறொருவரை எடுத்திருக்கிறோம்" என்று சொன்னால் அவர் கோர்ட்டுக்குப் போகாமல் என்ன செய்வார்?

பழைய விதிப் புத்தகத்தை வைத்துத் தீர்மானம் எழுதுவது

தனியார் பள்ளிகளுக்கான பழைய 1974 விதிகளின்படி பதவி உயர்வுக்குத் தகுதியும் திறமையும்தான் முதலில். அவை ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் பணிமூப்பு. அந்தப் பள்ளிக்குள்ளேயே தகுதியானவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே தேட வேண்டும். இந்த இரண்டு வரிகளை வைத்து உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. 1973 சட்டத்தின் இடத்துக்கு 2018ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, அதற்கான விதிகளும் 2023இல் வந்துவிட்டன. நான் போகும் அலுவலகங்களில் இன்னும் அட்டை கிழிந்த பழைய பிரதிதான் மேஜையில் கிடக்கிறது. சிறுபான்மைப் பள்ளி என்றால் கணக்கு வேறு: தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1998இல் அம்மது வழக்கில் சொல்லிவிட்டது. விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே நாம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நூறு விழுக்காட்டைப் பார்த்து மயங்குவது

இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வு. பள்ளி எது என்று சொல்லப்போவதில்லை. வந்தவர்களில் ஒருவர் புறநகர்ப் பள்ளி ஒன்றில் முதல்வராக இருந்தவர். ஃபைலைத் திறந்தால் முதல் தாளே ரிசல்ட். பத்தாம் வகுப்பு நூறு விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பு நூறு விழுக்காடு, வரிசையாகப் பல ஆண்டுகள், ஒவ்வொரு வரியும் மஞ்சள் மார்க்கரில். செயலர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மற்ற உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நூறு விழுக்காடு சரிம்மா. அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர்? பரிட்சை எழுதியது எத்தனை பேர்?"

"அந்த விவரம் இப்போ கையில இல்ல மேடம்" என்றார்.

ரிசல்ட்டை மார்க்கர் போட்டுக் கொண்டுவரத் தெரிந்தவருக்கு இந்த விவரம் மட்டும் கையில் இல்லையாம். செயலர் என் பக்கம் குனிந்து, "விடுங்க டீச்சர், அதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கதை" என்றார். அன்று மாலையே முடிவாகிவிட்டது.

அடுத்த அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தக் கதை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் போனது. "உங்க பொண்ணுக்கு இங்க சரிப்படாதும்மா. டி.சி. வாங்கிட்டு வேற எங்கயாவது சேர்த்துக்கோங்க. இல்லன்னா பிரைவேட்டா எழுதட்டும்." யாரையும் நீக்கியதாகப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து இருக்கிறது, காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்றிருக்கிறது. காசிமேட்டில் வலை பின்னுகிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். "எங்க எழுதச் சொன்னாங்களோ அங்க எழுதிக் குடுத்தேன் டீச்சர்" என்றார். மகள் இப்போது எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்கிறாள். நன்றாகப் பாடுவாள், காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து அவள் குரலில்தான் தொடங்கும்.

அந்த வகுப்பு பத்தாவது எழுதிய ஆண்டு பள்ளிக்கு நூறு விழுக்காடு வந்தது. கேட் முன்னால் பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள்.

குழுவினருக்கு உறைக்கும்படி வேறு ஒரு கணக்கைச் சொல்கிறேன். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் நிலையாக இருக்காது. ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயம் செய்வார்கள். பிள்ளைகளை வடிகட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கை சரியும், சரிந்தால் பணியிடம் உபரி ஆகும். அந்தப் பள்ளியில் அதுதான் நடந்தது. உபரியான ஆசிரியை வேறு பள்ளிக்கு மாற்றுப்பணிக்குப் போனார், அவர் நடத்திய பாடத்தை இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூறு விழுக்காட்டுக்கு அவர்கள் கொடுத்த விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு வரை இந்த வேலை நடக்காது. கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை வெளியேற்ற விடாது, தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சியும் இருக்கிறது. அதனால்தான் சல்லடையை ஒன்பதில் வைக்கிறார்கள். இன்னொரு சல்லடை பதினொன்றில். 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தபோது அங்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பள்ளியின் கையை விட்டு வெளியே போயிருந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்று மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு மறுபடி முழுக்கப் பள்ளியின் பிடிக்குள் வந்துவிட்டது. அங்கே யார் உட்காரப்போகிறார் என்பது இனிமேல்தான் அதிகம் முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டம், 2024-25 முதல் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவியருக்கும் வந்திருக்கிறது. நடுவில் டி.சி. கொடுத்துத் தனியார் பள்ளிக்கோ டுடோரியலுக்கோ அனுப்பினால் அந்தப் பிள்ளை அதையும் இழக்கிறாள். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பவர்கள் நிறைய.

என்ன செய்ய வேண்டும்? அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பேர், அடுத்த ஆண்டு பத்தில் எத்தனை பேர், பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் எத்தனை பேர். அதேபோல் பதினொன்றில் சேர்ந்தவர்கள், பன்னிரண்டில் எழுதியவர்கள். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் எல்லாம் இருக்கிறது, பத்து நிமிட வேலை. எண்ணிக்கை குறைந்திருந்தால் அதுவே குற்றமில்லை. அப்பாவுக்கு வேலை மாற்றம் இருக்கலாம், குடிசை மாற்று வாரிய வீட்டுக்குக் குடும்பமே பெரும்பாக்கம் போயிருக்கலாம். காரணம் கேளுங்கள். நல்ல தலைமையாசிரியைக்குப் போன பிள்ளையின் பெயரும் போன இடமும் தெரியும்.

அன்றைக்கு அப்படி ஒருவர் வந்தும் இருந்தார். அவருடைய பள்ளியின் தேர்ச்சி நூறுக்குச் சற்றுக் கீழே. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தவறியவர்களின் பெயர், எந்தப் பாடம், துணைத் தேர்வில் என்ன ஆனது, இப்போது எங்கே படிக்கிறாள் என்று எல்லாம் அவர் கையெழுத்தில். குழு அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஏன் மேடம் சென்டம் வரல?" என்று கேட்டார் ஒருவர். அவர் புன்னகைத்தாரே தவிர பதில் சொல்லவில்லை. இப்போது வேறொரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறார், அந்தப் பள்ளி கொடுத்து வைத்தது.

வட சென்னையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் எடுப்பது

தாம்பரத்திலிருந்து வருகிறவரை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு தூரம் ஒரு காரணமே இல்லை. ஆனால் இங்கே ஜூன் மாதம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் காசு இருக்காது. சரியாக அதே சமயத்தில்தான் பள்ளி திறக்கிறது, ஆங்கில வழிப் பிரிவுக்குக் கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் வருகிறது. "ஜூன் முதல் வாரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு" என்று சுற்றறிக்கை விட்ட புதுத் தலைமையாசிரியை ஒருவர், பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வந்ததும் அதிர்ந்துபோனார். ஜூலை என்று மாற்றி எழுதியதும் எல்லோரும் கட்டிவிட்டார்கள்.

மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன் தெரிகிற பள்ளிகள் இவை. கண்டெய்னர் லாரி நெரிசலிலும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும் மாட்டிக்கொண்டு தாமதமாக வரும் பிள்ளையை வெயிலில் நிற்க வைப்பீர்களா என்றும் கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

போக்சோ கேள்வியைக் கூச்சப்பட்டுத் தவிர்ப்பது

பெண்கள் பள்ளிக்குத் தலைமை எடுக்க வருகிறவரிடம் இதைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்: "ஒரு மாணவி வந்து, ஓர் ஆசிரியர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று சொல்கிறாள். என்ன செய்வீர்கள்?" "முதலில் உண்மையா என்று விசாரிப்பேன், நிர்வாகத்துடன் கலந்து பேசுவேன், பள்ளியின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வேன்" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்ததும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழுவில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் பள்ளிகளில் இந்தக் கேள்வி வாயில் வருவதே இல்லை. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகிய இரண்டு எண்களும் எதற்கு என்று கேட்டால்கூடப் போதும், பாதி தெரிந்துவிடும்.

"ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைப்பேன்" என்பவருக்குக் கைதட்டுவது

தேர்வு வைத்து வடிகட்டினால் கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவில் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. கைதட்டியவர்களா கட்டப்போகிறார்கள்?

நேர்முகத் தேர்வு முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்துவது

பெற்றோரிடம் எந்த மொழியில் பேசப்போகிறாரோ அதில் பாதியையாவது கேளுங்கள்.

ஆசிரியர் அறையைக் காட்டாமல் அனுப்புவது

தாளாளர் அறையில் பிஸ்கட்டும் காபியும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மதிய உணவு நேரத்தில் ஆசிரியைகளோடு அரைமணி உட்கார விடுங்கள்.

ஓய்வு பெற்றவரை ஆலோசகராக வைத்துக்கொள்வது

வேண்டாம்.

தேர்வாகாத மூத்தவரிடம் சொல்லாமல் விடுவது

வெளியாள் ஒருவரை எடுத்துவிட்டீர்கள். அதே பள்ளியில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து, இந்த நாற்காலியை எதிர்பார்த்திருந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்கு விஷயம் பியூன் மூலமாகத் தெரியவரும், அல்லது வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட 'வாழ்த்துகள் மேடம்' மூலமாக. புதிய தலைமையாசிரியை வந்த முதல் நாளே ஆசிரியர் அறை இரண்டாகப் பிரிந்து நிற்கும். கால அட்டவணை தொடங்கி ஆண்டு விழா வரை ஒவ்வொன்றிலும் அது தெரியும். பிறகு வந்தவரைத் திறமையில்லாதவர் என்று குழுவே சொல்லும்.

தீர்மானத்தில் ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கட்டும்: யாருக்கு எந்த அம்சத்தில் எவ்வளவு மதிப்பெண், மூத்தவரை ஏன் எடுக்கவில்லை என்று எழுத்தில். ஒப்புதலுக்குக் கல்வி அலுவலகம் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முந்தின நாள் செயலரே அந்த ஆசிரியையைப் பார்த்து நேரில் சொல்ல வேண்டும். அவர் அழலாம், திட்டலாம், விடுப்புக் கேட்கலாம். விடுப்பைக் கொடுங்கள்.