இடிக்கும் முன்பே அட்டை கட்டுங்கள்: பழைய வீட்டுச் சாமானுக்கு க்யூஆர் கணக்கு

கீழக்கரையிலோ தொண்டியிலோ பழைய வீடு ஒன்றை இடித்தால் தேக்கு நிலை, பனங்கை (கூரையைத் தாங்கும் பனைச் சட்டம்), ஓடு, செங்கல் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். எந்தக் கல் சுவரின் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. கடலோரத்தில் அதுதான் முக்கியம். தரையை ஒட்டிய இரண்டு மூன்று அடிச் செங்கல் நிலத்து உப்பை உறிஞ்சியிருக்கும். மேல்வரிசை பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆகவே மறுபடி பயன்படுத்தவோ விற்கவோ போகும் சாமானுக்கு, கடப்பாரைக்கு முன் எண்ணும் க்யூஆரும் போட்ட அட்டை.

நிலை, கதவு, பனங்கைக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண். செங்கலுக்கும் ஓட்டுக்கும் 500க்கு ஓர் எண் போதும். ஆனால் ஒரே எண்ணுக்குள் இரண்டு சுவரையோ அடிவரிசையையும் மேல்வரிசையையுமோ கலக்காதீர்கள்.

க்யூஆருக்குள் நீளமான இணைய முகவரி வேண்டாம், எண் மட்டும் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் இலக்கமுமாக 10க்குள் நிறுத்தினால், 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கக்கூடிய ‘எச்’ நிலையிலும் 21க்கு 21 கட்டத்தில் அடங்கும். தமிழ் எழுத்துப் போட்டால் கட்டம் பெருகி, புழுதியில் போன் திணறும். விளிம்போடு சேர்த்து 3 செ.மீ. அகலத்துக்கு அச்சிடுங்கள், சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளையாக இருக்கட்டும்.

பில் மெஷின் தாளில் அச்சிடுவதுதான் வழக்கமான தவறு. வெயிலில் அது கறுத்து, எழுத்தும் வெளிறிப்போகும். சூட்டில் மை ஒட்டும் ரெசின் ரிப்பனில் அச்சிட்ட பாலியஸ்டர் லேபிளை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் தங்கூஸால் (நைலான் நரம்பு) கட்டுங்கள். கட்டுக்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும். மரத்தின் வெட்டுமுகத்தில் அதே எண்ணை எனாமலிலும் எழுதிவிடுங்கள். அட்டை போனாலும் கணக்கு போகாது.

பதிவுக்கு கோபோகலெக்ட் செயலி நல்லது. சிக்னல் இல்லாத இடத்திலும் க்யூஆரைப் படித்துச் சேமிக்கும். எண், சுவர், தரையிலிருந்து உயரம், அளவு, டேப் தெரியும்படி போட்டோ: இந்த ஐந்தும் கட்டாயம். மர அளவைக் கன அடியிலும் எழுதுங்கள். 8 அடி நீளம், 5க்கு 4 அங்குலம் என்றால் 8×5×4÷144, அதாவது 1.11 கன அடி. ஆசாரி விலை பேசுவது அதில்தான்.

உப்புச் சோதனைக்கு ஒவ்வொரு செங்கல் எண்ணிலும் 5 கல். தட்டில் நிமிர்த்தி, 25 மி.மீ. உயரம் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் அதன் உப்பே பூத்து உங்களை ஏமாற்றும். தண்ணீர் வற்றிக் கல் காய்ந்ததும் அதே அளவு இன்னொரு முறை ஊற்றி, அதுவும் காய்ந்தபின் பாருங்கள். வெள்ளை 10 சதவீதப் பரப்புக்குள் என்றால் சுவருக்கு ஆகும். பாதி வரை பூத்தால் கம்பி வராத மதில் வேலைக்கு மட்டும். பாதியைத் தாண்டினாலோ பொரிந்து உதிர்ந்தாலோ கழியுங்கள். முடிவை அன்றே அந்த எண்ணில் ஏற்றுங்கள்.

ஓட்டைச் சுண்டிப் பாருங்கள்: கணீரென்றால் சேர்த்துக்கொள்ளலாம், மந்தமாகக் கேட்டால் விரிசல். பனங்கையில் வைரம் பாய்ந்த கறுப்புப் பகுதி எவ்வளவு என்று குறியுங்கள். துருவில் குழிவிழுந்த கம்பியை எடைக்குப் போடுங்கள். கான்கிரீட்டுக்குள் மறுபடி வைக்கவே கூடாது. பழஞ்சுவரில் பவளக்கல் இருந்தால் தனி எண் கொடுத்து ஒதுக்குங்கள். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. வனத்துறையிடம் கேட்காமல் கைமாற்றாதீர்கள்.

500இல் 200 கல் விற்றால் பழைய எண்ணை முடித்து, விற்றதற்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என இரண்டு புது எண் போடுங்கள். பழைய எண்ணிலேயே கழித்துக்கொண்டே போனால் எந்தக் கல் எந்த வீட்டுக்குப் போனது என்பது அங்கேயே அறுந்துவிடும்.