இடைவெளி விட்டுக் கேளுங்கள்: வகுப்பறையில் ஐந்து நிமிட நினைவுகூரல் வினாக்கள்

பாடம் நடத்தி முடித்த கையோடு கேள்வி கேட்டால் வகுப்பில் பாதிக் கைகள் உயரும். அதே கேள்வியை மூன்று வாரம் கழித்துக் கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும். பெரும்பாலான வகுப்புகளில் அந்த இரண்டாவது கேள்வி தேர்வு நாள் வரை வருவதே இல்லை.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஓர் உரைப்பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: ஒருமுறை படித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 56 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதம். கொஞ்சம் மறந்ததை முயன்று மீட்கும் அந்த உழைப்புதான் பாடத்தைப் பதிய வைக்கிறது. ஆகவே, நடத்திய பாடத்தை இடைவெளி விட்டு, புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லும் இந்த நினைவுகூரல் வினாக்கள் மாணவரை எடைபோடுவதற்கானவை அல்ல. கற்பித்தலின் ஒரு பகுதி.

வினாவும் கால அட்டவணையும்

ஒரு பாடத்துக்கு 8 முதல் 10 வினாக்கள் போதும். ஒரு நோட்டில் வினா, விடை, நடத்திய தேதி, கேட்ட தேதிகள், தவறியவர் எண்ணிக்கை என ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாவும் குறைந்தது நான்கு முறை திரும்ப வர வேண்டும்: அடுத்த வகுப்பில், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், இரண்டு மூன்று மாதத்தில். எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டுமோ அதில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் இடைவெளி விடலாம் என்பது ஆய்வுகள் தரும் தோராயக் கணக்கு. தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தால் இடைவெளி ஒன்று அல்லது இரண்டு வாரம்.

அன்றாடம் ஐந்து வினா: இரண்டு கடந்த வகுப்பிலிருந்து, இரண்டு கடந்த வாரத்திலிருந்து, ஒன்று கடந்த மாதத்திலிருந்து. மாணவர்கள் உள்ளே வரும்போதே வினாக்கள் பலகையில் இருக்கட்டும். புத்தகம் மூடியிருக்க வேண்டும், பேச்சு கூடாது, எழுத மூன்று நிமிடம். பிறகு விடைகளைச் சொல்லுங்கள். அவரவர் விடையை அவரவரே வேறு நிற மையில் திருத்த வேண்டும். எத்தனை சரி என்று விரலால் காட்டச் சொன்னால் வகுப்பின் நிலை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு வினாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறினால் அதை அன்றே இரண்டு நிமிடம் மறுபடி விளக்கி, மறுநாள் பட்டியலில் சேருங்கள்.

வினாவை எழுதும் விதம்

அதிக உழைப்பு இங்கேதான் தேவை. ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் கேட்டால் மாணவர்கள் விடையின் ஓசையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். முதல் சுற்றில் "ஒளிச்சேர்க்கைக்கு இலை எந்த வாயுவை எடுத்துக்கொள்கிறது?" என்று கேட்கலாம். ஒரு மாதம் கழித்து, "இரண்டு நாள் இருட்டில் வைத்த செடியின் இலையைச் சோதித்தால் அயோடின் கருநீலமாக மாறாதது ஏன்?" என்று கேளுங்கள். பாடம் ஒன்றுதான், யோசிக்கும் தூரம் கூடியிருக்கிறது.

கணக்கில் வகைகளைக் கலந்து வையுங்கள். ¾ + ⅙, ¾ × ⅙ இரண்டும் அடுத்தடுத்து வந்தால்தான் எந்த முறை எதற்கு என்று மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். ஒரே வகையில் பத்துக் கணக்கு கொடுத்தால் முதல் கணக்குக்குப் பிறகு அந்த யோசனை நின்றுபோகும். சரியானதைத் தேர்ந்தெடு வகையில் தவறான விடைகளைக் கற்பனையில் தேடாதீர்கள். மாணவர் நோட்டில் உண்மையில் வரும் பிழைகளையே வையுங்கள். ¾ + ⅙-க்கு 4/10 என்று எழுதுபவர் எல்லா வகுப்பிலும் இருப்பார்.

எங்கே கெடுகிறது

மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவதுதான் முதல் கேடு. ஏற்றிய அன்றே எட்டிப் பார்ப்பதும் அழித்து எழுதுவதும் தொடங்கிவிடும். யாருக்கு என்ன தெரியவில்லை என்பது மறைந்துபோகும். அடுத்தது வாய்மொழியாகக் கேட்பது: நான்கு பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் எழுதினால்தான் ஒவ்வொருவருக்கும் பலன். விடையைச் சொல்லாமல் பாடத்துக்குப் போய்விட்டால் தவறான விடையே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

அளவுக்கு மீறிக் கடினமானாலும் பயனில்லை. நினைவில் மீட்க எதுவுமே இல்லாதபோது முயற்சி வீண். வகுப்பு பத்துக்கு ஏழெட்டு சரியாக எழுதும் அளவு நல்லது. தடுமாறுபவருக்கு முதல் எழுத்தைக் குறிப்பாகக் கொடுங்கள், அடுத்த சுற்றில் அதை எடுத்துவிடுங்கள். ஒருமுறை சரியாக எழுதியதும் வினாவைக் கைவிடாதீர்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை சரியான பிறகே மாதாந்திரப் பட்டியலுக்கு அனுப்புங்கள். வராதவர்களுக்குத் தனியாக நடத்தத் தேவையில்லை, வினா எப்படியும் திரும்ப வரும்.

தொடக்கத்தில் "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்று பிள்ளைகள் சோர்வார்கள். திரும்பப் படிக்கும்போது பழக்கப்பட்ட வரி என்பதால் தெரிந்ததுபோல் தோன்றும், எழுதிப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரியும் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஐந்து வினாக்களுக்குப் பதில் ஒரு வெற்றுத்தாளும் தலைப்பும் மட்டும் கொடுங்கள். ஆறு நிமிடம் தெரிந்ததையெல்லாம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். அந்த நிறம் பலரது தாளில் எங்கே ஒன்றுபோல் வருகிறதோ, அடுத்த மாத வினாக்களை அங்கிருந்து எடுங்கள்.