ஃபின்டெக் ஆய்வில் சறுக்கும் இடங்கள்

நாகர்கோவில் பக்கம் வணிகவியல் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் இப்போது அதிகம் எடுப்பது ஃபின்டெக், அதாவது யுபிஐ, கடன் செயலி போன்ற தொழில்நுட்பவழி நிதிச் சேவைகளும், வங்கியும் சார்ந்த தலைப்புகளைத்தான். அவர்களுடைய கேள்வித்தாள்களைப் படிக்கும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். மேற்கோள் விடுபடுவது, அட்டவணை எண் மாறுவது போன்றவற்றை இங்கே பேசவில்லை. அவற்றை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம்.

செயலியை வங்கிக்கு எதிரே நிறுத்துவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். 'நீங்கள் பயன்படுத்துவது வங்கியா, ஃபின்டெக்கா?' என்று ஒரு கேள்வி இல்லாத கேள்வித்தாளே இல்லை.

தோவாளை பூச்சந்தையில் ஒரு மாணவி களப்பணி செய்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. விடியுமுன் போய், வியாபாரம் ஓயும் வரை காத்திருந்து பேசியவர். கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்கியது. வியாபாரிகளிடம் கேட்டால் எல்லாரும் 'ஜிபேதான்' என்றார்கள். வியாபாரிகள் வங்கியை விட்டு விலகுகிறார்கள் என்று முடிவு எழுதிவிட்டார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: "ஜிபேயில வந்த பணம் இப்போ எங்கம்மா இருக்கு?" அதோடு இரண்டு அத்தியாயங்கள் போயின. களத்துக்கும் மறுபடி போக வேண்டியதாயிற்று.

பணம் வங்கியில்தான் இருக்கிறது. யுபிஐயில் அனுப்புபவரின் வங்கிக் கணக்கில் கழிந்து, பெறுபவரின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. நடுவில் கூகுள் பேயோ போன்பேயோ அதைப் பிடித்து வைப்பதில்லை. யுபிஐயை நடத்தும் இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகமே (என்பிசிஐ) 2008இல் ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று உருவாக்கிய அமைப்பு. போன்பே தரும் யுபிஐ முகவரியின் கடைசியில் வரும் 'ஒய்பிஎல்' யெஸ் வங்கியையும், கூகுள் பேயின் 'ஓகேஆக்சிஸ்' ஆக்சிஸ் வங்கியையும் குறிக்கும். வாடிக்கையாளர் கணக்கு வைத்திருக்கும் வங்கி அதுவாக இருக்க வேண்டியதில்லை. செயலியை யுபிஐயோடு இணைத்துக் கொடுக்கும் வங்கி அது. முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வாலட் வேறு வகை; இரண்டையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள்.

கடன் செயலியும் அப்படித்தான். கடன் தொகை, ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கியிலிருந்தோ என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனத்திலிருந்தோ வாங்குபவரின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்பது 2022 செப்டம்பரில் வந்த விதி. 'செயலியில் கடன் வாங்கினேன்' என்பவரிடம், ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தவராக யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்படியானால் போட்டியே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். அந்த மாணவி இரண்டாம் முறை போனபோது கேள்விகளை மாற்றினோம். பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது? அந்தக் கணக்கை எப்போது, எதற்காகத் தொடங்கினீர்கள்? அதற்கு முன் பணத்தை எங்கே போட்டீர்கள்? க்யூஆர் அட்டைக்காகவே வணிக வங்கியில் கணக்குத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். முன்பு அவர்கள் பணம் கூட்டுறவு சங்கத்திலும் சீட்டிலும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் பணம் நகர, செயலி வழி திறந்திருக்கிறது. ஆராய வேண்டியது இந்த நகர்வைத்தான். முதல் கேள்வித்தாளில் அதைப் பிடிக்க ஒரு கேள்விகூட இல்லை.

கூட்டுறவை விட்டுவிடுவது

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் மாவட்டவாரி வைப்பு, கடன் புள்ளிவிவரம் வணிக வங்கிகளுடையது. கன்னியாகுமரி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களோ அதில் வராது. சங்கத்திலிருந்து வணிக வங்கிக்குப் போன ரூபாய் அங்கே புதுச் சேமிப்பாகத் தெரியும். சங்கங்களின் ஆண்டறிக்கைகளை நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் வேறு வழியில்லை.

போன்பே பல்ஸ் எண்கள்

போன்பே நிறுவனமே வெளியிடும் பரிவர்த்தனைத் தரவு இது. மாவட்ட அளவில் கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் அவை போன்பே வழியே நடந்தவை மட்டும்.

ஆல்பா 0.7

கேள்வித்தாள் நம்பகமானது என்று காட்டப் போடும் கிரான்பாக் ஆல்பா என்ற அளவு, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டும் சொல்லும். அவை சரியான கேள்விகளா என்று சொல்லாது.

பின்னிணைப்பில் போன் நம்பர்

பேட்டி கொடுத்தவர்களின் எண்ணைப் போடவே கூடாது. கடன் செயலி பற்றிப் பேசியவர்களுடையது என்றால் பெயரும் கூடாது.

2016ஐ ஒரே கோடாக இழுப்பது

2016க்கு முன், பின் என்று தரவைப் பிரித்து, நடுவில் உள்ள வித்தியாசம் முழுவதையும் யுபிஐ கணக்கில் எழுதுகிறார்கள். யுபிஐ வந்தது அந்த ஆண்டு ஏப்ரலில். நவம்பர் 8இல் பணமதிப்பு நீக்கம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. அதே 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மீனவர்கள் உயிரிழந்தார்கள், படகுகள் போயின, ரப்பரும் வாழையும் சாய்ந்தன. அதற்குப் பிறகு ஒரு மீனவக் குடும்பத்தின் கணக்கில் இருப்பு குறைந்ததற்கோ நகைக்கடன் கூடியதற்கோ செயலி காரணமா, புயல் காரணமா? மீனவர் ஊரான குளச்சலையும் ரப்பர் பக்கமான குலசேகரத்தையும் தனித்தனியே வைத்து, புயல் தொடாத வேறொரு மாவட்டத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் யுபிஐயின் பங்கு எவ்வளவு என்று பேசலாம்.