உள்நாட்டுச் சரக்கு முனையத்தின் உண்மையான திறனைக் கணக்கிடுவது எப்படி?

முனையத்தின் விளம்பரத்தாளில் போட்டிருக்கும் ஆண்டுக் கொள்ளளவை முதலில் ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் அது யார்டின் (கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் திடலின்) பரப்பை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு. யார்டு, ரயில் பாதை, கேட், சுங்கச் சோதனை ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடுங்கள். எது குறைவோ அதுதான் முனையத்தின் திறன்.

யார்டுக்கான கணக்கு: தரையில் பெட்டி வைக்கும் இடங்கள் × அடுக்கு உயரம் × பயன்பாட்டு விகிதம் × 365 ÷ தங்கும் நாட்கள். 1,000 இடம், 3 அடுக்கு, 0.7, 5 நாள் என்றால் ஆண்டுக்கு 1,53,300 டிஇயு (20 அடிப் பெட்டி ஒன்று என்ற அளவு). தங்கும் நாள் 7 ஆனால் அதே யார்டு 1,09,500-க்கு இறங்கிவிடும். விகிதத்தை 0.7-க்கு மேல் போடாதீர்கள். அடியில் உள்ள பெட்டியை எடுக்க, மேலே உள்ளவற்றை இறக்கி வைக்கக் காலி இடம் வேண்டும். தங்கும் நாட்களை அலுவலகத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதாமல், கேட் பதிவேட்டிலிருந்து எடுங்கள். இறக்குமதி, ஏற்றுமதி, காலிப் பெட்டி மூன்றுக்கும் தனிச் சராசரி தேவை. வாரக்கணக்கில் கிடக்கும் காலிப் பெட்டிகள் பொதுச் சராசரியையே கெடுத்துவிடும்.

அடுத்தது ரயில். 90 பெட்டி இறக்கி 90 ஏற்றினால் 180 தூக்கல். மணிக்கு 15 தூக்கும் ரீச் ஸ்டாக்கர் (பெட்டியைத் தூக்கி அடுக்கும் வண்டி) இரண்டு இருந்தால் 6 மணி நேரம். ஷண்டிங் (ரயிலைப் பாதை மாற்றி நிறுத்துவது), பரிசோதனைக்கு 2 மணி சேர்த்து 8. காகிதத்தில் நாளுக்கு 3 ரயில் வரும்; 2 என்று வைப்பதே நியாயம். சைடிங்கின் (முனையத்துக்குள் ரயில் நிற்கும் பாதையின்) நீளத்தை நேரில் அளந்து பாருங்கள். ரயில் 700 மீட்டர், பாதை 350 மீட்டர் என்றால் ரயிலை இரண்டாகப் பிரித்துத்தான் உள்ளே இழுக்க வேண்டும்.

தரையையும் விடாதீர்கள். சுமையோடு நிற்கும் ரீச் ஸ்டாக்கரின் முன் அச்சில் 100 டன் அளவுக்கு இறங்கும். தளம் உள்வாங்கி நீர் தேங்கும் இடங்களில் வண்டி மெதுவாகத்தான் போகும். அந்த வரிசைகளைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

கேட்டில் நெரிசல் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். மணிக்கு 60 லாரி, ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 4 வழி முழுநேரமும் ஓடும். வரிசை சாலைக்கு வராமலிருக்க 5 தேவை.

வளர்ச்சியை அளக்கக் கடந்த 3 ஆண்டுகளின் மாதவாரிக் கணக்கில் பெட்டி எண்ணிக்கையையும் தங்கும் நாளையும் பக்கம் பக்கமாக வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் முனையம் வளரவில்லை, நிரம்பிக்கொண்டிருக்கிறது. அப்போது புது நிலம் வாங்குவதற்கு முன், சுங்க அதிகாரிகள் தினமும் எத்தனை மணி நேரம் அங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்; சோதனை தாமதமானால் பெட்டி தங்கும் நாளும் கூடும்.